மதர் பாட்டின் பின்பாதி

1

ஹாமில்டனில் குளிர்காலக் காலைகளில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீடு காணாமல் போய்விடும். நியூசிலாந்து என்றதும் ஊரில் எல்லோரும் பச்சைப் புல்வெளியையும் செம்மறியாட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். நான் அனுப்பும் படங்களில் பாதி வெறும் வெள்ளையாக இருக்கும். "இன்னாண்ணே, போன் கண்ணாடியத் தொடைக்கலையா?" என்று திண்டிவனத்திலிருந்து என் தங்கை ஆரோக்கியம் கேட்பாள்.

அப்படிப்பட்ட ஒரு காலையில் கார் ஷெட்டில் பழைய பெயிண்ட் டப்பாக்களை ஒழித்துக்கொண்டிருந்தேன். மகள் ஷெரினுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஸ்டெல்லா கடைக்குப் போயிருந்தாள். மகள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோலப் பாடும் ஓசை வந்தது.

சொற்கள் இல்லை. மெட்டு மட்டும். அது எனக்குத் தெரிந்த மெட்டு. ஆனால் முதலிலிருந்து வரவில்லை. பாதியில், சுருதி ஒரு படி மேலே ஏறுகிற இடத்தில் தொடங்கி, அவசரமில்லாமல் கடைசிவரை போய் முடிந்தது. எனக்குக் கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. வாயும் தானாகக் கேட்டுவிட்டது:

"யாரு?"

"நான்தான்ப்பா!" என்று மகள் குரல் கொடுத்தாள்.

அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. ஷெட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷெரின் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "நம்ம டான்ஸுக்குப் பாட்டு முடிவு பண்ணிட்டேன்" என்றாள். இங்கே கல்யாண விருந்தில் பெண்ணும் அப்பாவும் ஒரு பாட்டுக்குச் சேர்ந்து ஆட வேண்டும். தாலி இல்லாமல்கூட இங்கே கல்யாணம் நடந்துவிடும், அது இல்லாமல் நடக்காது.

"எந்தப் பாட்டும்மா?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"இப்ப பாடினேனே, அதுதான்" என்றாள்.

2

பாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் தேடிக் கேட்பீர்கள். உங்கள் வீட்டுக்கும் அதை அனுப்பிவைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

எழுபதுகளில் வந்த ஆங்கிலக் காதல் பாட்டு, அவ்வளவுதான். பியானோ மெதுவாக எடுத்துக் கொடுக்கும். டிரம்ஸ் இருக்கும், ஆனால் யாரையும் எழுப்பிவிடாமல் தட்டுவதுபோல இருக்கும். ஒரு பெண் காதோரம் வந்து பாடுவாள். பிரிந்து போனவனைப் பற்றித்தான் பாடுகிறாள், ஆனால் குரலில் ஒரு துளி ஈரம் இருக்காது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் லிஃப்டிலும் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

திண்டிவனத்தில், நாங்கள் குடியிருந்த கோயில் தெருவில், அதற்குப் பெயர் மதர் பாட்டு. கோயிலை ஒட்டி ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அதை நடத்திய வெளிநாட்டுக் கன்னியாஸ்திரியை ஊரே மதர் என்று கூப்பிடும். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. புண்ணுக்குக் கட்டுப்போட வருகிறவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, இந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மதர் இறந்தபோது பேண்டு செட் லூர்து மாஸ்டர் இதையே கிளாரினெட்டில் வாசித்து அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனார். மாதாவைப் பற்றிய வெளிநாட்டு ஞானப்பாட்டு என்றுதான் அவரும் நினைத்திருந்தார், ஊரும் நினைத்திருந்தது.

அதன்பிறகு எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், "எங்க அப்பாருக்கும் மதர் வாசிங்க மாஸ்டர்" என்று வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஏன் இந்தப் பாட்டு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"மத்த பாட்டுக்குத் தோள்ல பெட்டி குலுங்கும்பா. இதுக்குக் குலுங்காது. தூக்கினு போறவனுக்கும் நோவாது, உள்ள கீறவங்களுக்கும் நோவாது" என்றார் மாஸ்டர்.

இந்த வகைப் பாட்டுகளைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதிவிட்டார்கள். எனக்கு லூர்து மாஸ்டர் சொன்னதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

பாட்டுக்குத் தெருவில் சில வழக்கங்கள் தானாக வந்து சேர்ந்தன. தூரத்தில் கிளாரினெட் கேட்டால் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். பார்க்கிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, "யாரு?" என்று சத்தமாகக் கேட்பார்கள். ஊர்வலத்தின் வாலில் வருகிற ஒருவர் பெயரைச் சொல்வார். "சவரிமுத்து, கெணத்துத் தெரு." கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும். பதில் வராத சாவு யாருடையதாகவும் ஆகிவிடும் என்பார்கள்.

இன்னொன்று, பாட்டைப் பாதியில் விடக்கூடாது. கோயிலுக்கும் கல்லறைக்கும் நடுவே ரயில்வே கேட் இருக்கிறது. கேட் போட்டுவிட்டால் பெட்டி நின்றுவிடும், ரயில் சத்தத்தில் பேண்டும் நின்றுவிடும். அப்போது பின்னால் வரும் பெண்கள் மீதியை வாயாலேயே முடிப்பார்கள். வார்த்தை யாருக்கும் தெரியாது. உதட்டை மூடிக்கொண்டு மெட்டை மட்டும். கூட்ஸ் வண்டி கடகடவென்று போய்க்கொண்டிருக்கும், அதற்கு அடியில் அத்தனை பெண்களின் மூடிய வாயிலிருந்தும் அந்தக் காதல் பாட்டு வந்துகொண்டிருக்கும். என் அம்மாவும் அதில் இருப்பாள்.

"பாதில நின்னா அந்தப் பாட்டு மீதிக்கு வேற ஆளத் தேடும்" என்பாள் அம்மா.

3

ஸ்டெல்லா விழுப்புரத்துப் பெண். அவள் அப்பா ஜெரால்டு மாமா ரயில்வேயில் கார்டு வேலை பார்த்தவர். திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் காலை நீட்டி உட்காருவதற்குள் விழுப்புரம் வந்துவிடும். பொண்ணு பார்க்கப் போகும்போது பக்கத்து ஊர், பழக்க வழக்கமெல்லாம் ஒன்றுதான் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். இந்த ஒரு பாட்டை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரயில்வேக்காரர்கள் கூடும் பழைய ஹாலில்தான் வரவேற்பு. மாமாவின் சிநேகிதர்கள் கிட்டாரும் கீபோர்டும் வைத்துக்கொண்டு மேடையில் இருந்தார்கள். என் அப்பா, வெளுத்த வேட்டியில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா மைக்கைப் பிடித்து, "நானும் என் சம்சாரமும் இதே ஹால்ல இந்தப் பாட்டுக்குத்தான் ஆடுனோம், இப்ப என் பொண்ணும் மாப்பிள்ளையும்" என்று ஏதோ சொன்னார். கீபோர்டில் பியானோ எடுப்பு வந்தது.

திண்டிவனத்திலிருந்து வந்திருந்த எங்கள் சனம் மொத்தமும் எழுந்து நின்றது. நாற்காலிகள் ஒன்றாகப் பின்னுக்குத் தள்ளப்பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லோரும் சிலுவை போட்டார்கள். லில்லி அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, யாரு? யாருப்பா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். விழுப்புரத்துக்காரர்கள் முதலில் இதை மரியாதை என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு பயந்துபோனார்கள். மேடையில் கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கி, பாட்டு பாதியில் நின்றது.

அந்த அமைதியில் என் அப்பா மட்டும் சொன்னார்: "ஏம்பா நிறுத்திட்டீங்க? எடுத்தத முடிச்சிடுங்க."

யாரும் காதில் வாங்கவில்லை. மாமா அவசரமாக வேறு பாட்டுக்குச் சொல்லிவிட்டார், பிரியாணிப் பந்தி ஆரம்பித்துவிட்டது. அந்த மாதமே, புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்ற இடத்தில், அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பாட்டு ஆளைக் கொல்லாது என்று எனக்குத் தெரியும். நான் இன்ஜினியரிங் படித்தவன். அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி இருந்தது. இதையெல்லாம் அம்மாவிடமும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு வாசலில் வந்து நின்ற லூர்து மாஸ்டரிடம், "மதர் வாணாம் மாஸ்டரே, இனிமே எங்க ஊட்டுக்கு அந்தப் பாட்டே வாணாம்" என்றாள். அப்பாவின் பெட்டி வேறு ஏதோ பாட்டுக்குத் தோளில் குலுங்கிக்கொண்டுதான் போயிற்று. ஸ்டெல்லாவை அம்மா ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவள் இருக்கும் இடத்தில் மட்டும், ஏதோ கேட்கப்போகிறது என்பதுபோல, அம்மாவின் காது எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். ஸ்டெல்லாவுக்கு அது திட்டைவிட வலித்தது.

4

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் பால் பவுடர் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு ரேடியோ பெட்டி. பழைய மென்மையான பாட்டுகளை மட்டுமே போடுகிற ஸ்டேஷன். அதை யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் அணைக்கவும் மாட்டார்கள். முதல் வாரமே அந்தப் பாட்டு வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எதிரே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டேன் என்னைப் பார்த்தான். நாக்கு குழறி, ஆங்கிலத்தில், "யார் இறந்தது?" என்று அவனைக் கேட்டுவிட்டேன்.

அவன் பாடகர்களைப் பற்றிக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டான். மென்றுகொண்டே யோசித்து, "இந்த ஸ்டேஷனிலா? பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்" என்றான்.

அன்றிலிருந்து அந்த ரேடியோவை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. இறந்துபோனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, கோபமில்லாமல், மூச்சு வாங்காமல், கவலைப்படாதே என்று பாடிவிட்டுப் போகிறார்கள். இந்தப் பாட்டுகளின் கவர்ச்சியே அதுதான் என்று எனக்குத் தோன்றும். நம் ஒப்பாரி சட்டையைப் பிடித்து உலுக்கும். நீயும் அழு என்று கேட்கும். இவை எதுவும் கேட்பதில்லை. காய்ச்சல்காரனின் நெற்றியில் கை வைப்பதுபோல வைத்துவிட்டு எடுத்துக்கொள்கின்றன. பிரிவைப் பாடுகிற ஒரு பெண்ணைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு நாடே கடைகளில் நிம்மதியாகத் தக்காளி பொறுக்குகிறது. எனக்கும் பிடித்திருந்தது என்பதுதான் பயமாக இருந்தது.

வாரச் சாமான் வாங்கும் கடையில்தான் தொந்தரவு. அங்கே கூரையிலிருந்து பாட்டு ஒழுகிக்கொண்டே இருக்கும். வேலைநாள் முற்பகல்களில் கடையில் ஆள் இருக்காது. நீளமான, வெளிச்சமான சந்துகள், இரண்டு பக்கமும் டப்பாக்கள், மேலே மதர் பாட்டு. சரியாகச் சுருதி ஏறும் நேரத்தில் பாட்டை வெட்டிவிட்டு, கோழிக்கறி இன்று மலிவு என்று ஒரு குரல் அறிவிக்கும். அறிவிப்பு முடிந்தால் வேறு பாட்டு தொடங்கிவிடும். மீதி அப்படியே தொங்கும்.

யாரோ எங்கோ ரயில்வே கேட்டில் நிற்பதுபோல எனக்கு இருக்கும். கோழிக்கறியைத் தாண்டி, பருப்புப் பக்கம் ஒதுங்கி, உதட்டை மூடிக்கொண்டு மீதியை முடித்துவிடுவேன். அதை நான் யோசித்துச் செய்ததே இல்லை. கொட்டாவி வந்தால் வாயருகே சொடுக்குப் போடுகிற மாதிரி அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். சாமான் தள்ளுவண்டியின் முன்பக்க இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி, குழந்தை ஷெரின் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

5

"வேற பாட்டு எடுத்துக்கம்மா" என்று அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

ஷெரினுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் தமிழ் ஒரு வாக்கியம் தாங்கும், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போய்விடும். சிறு வயதில் தன் பின்பாதிதான் முழுப் பாட்டு என்று நினைத்திருந்தாளாம். அப்பாவே கட்டிய மெட்டு, அதற்கு வார்த்தைகளே கிடையாது என்று நம்பியிருந்தாளாம். கல்லூரிக்குப் போன ஊரில் ஒரு மழை நாளில் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாத பாட்டு ஒன்று ஓடியிருக்கிறது. பாதியில், சட்டென்று, அவள் அப்பாவின் மெட்டு வந்துவிட்டது.

"நீங்க கதவத் திறந்து உள்ள வந்த மாதிரி இருந்துச்சுப்பா. நான் அழுதுட்டேன்" என்றாள்.

ஸ்டெல்லா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு இது அவள் அம்மா அப்பா ஆடிய பாட்டு, அவள் கல்யாணத்தில் நிறுத்தப்பட்ட பாட்டு.

"உங்க ஊர்லதாங்க அது சாவுப் பாட்டு. எங்க ஊர்ல இல்ல. பொண்ணுக்கு ரெண்டு ஊரும் கெடையாது. அவ ஆசைப்படறா, ஆடிட்டுப் போங்களேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் முறை.

"அம்மா பார்ப்பாங்க ஸ்டெல்லா. வீடியோல பார்ப்பாங்க."

"தெரியும்" என்றாள். குழம்புக் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து ஷெரின் என்னைத் தேற்ற நினைத்தாள். என் தோளைத் தட்டி, பெருமையாகத் தமிழில், "பயப்படாதீங்கப்பா. செத்த பாட்டுதான்!" என்றாள்.

எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரே நேரத்தில் தூக்கிவாரிப்போட்டது. "செத்த இருங்க, செத்த நேரம் பொறுங்க" என்று ஸ்டெல்லா சொல்லிச் சொல்லி, 'செத்த' என்றால் கொஞ்சம் என்பது மட்டும்தான் குழந்தைக்குத் தெரியும். கொஞ்சம் பாட்டுதான், முழுவதும் ஆட வேண்டாம், பாதியில் டிஜே ஒலியைக் குறைத்து முடித்துவிடுவார், இங்கே எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தான் என்று விளக்கினாள்.

பாட்டு வேண்டாம் என்று அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவன், "பாதியில வேணாம், போட்டா முழுசாப் போடச் சொல்லு" என்று கத்திவிட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பது இருந்தது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஜோஷோடு மெல்பர்னுக்குக் குடிபோகப் போகிறவள். இப்போதே பாதி போய்விட்டாள் போல இருந்தது.

6

அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைத்துவர முயன்று பார்த்தேன். அவள் விரல்ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. வாழ்நாள் முழுக்க மல்லாட்டைக் கடலை உரித்த விரல், தேய்ந்துபோய்க் கண்ணாடிபோல இருக்கிறது என்று ஆரோக்கியம் சொன்னாள். பிறகு மார்பு எக்ஸ்ரே, அதற்கு மேல் இன்னொரு டாக்டரின் கருத்து. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்க, விசா விசாரணை எண்ணுக்கு ஒரு மதியம் கூப்பிட்டேன். காத்திருங்கள் என்றது இயந்திரம். தொடர்ந்து அதே பியானோ எடுப்பு.

ஜன்னலுக்கு வெளியே அன்று மதியம்கூட மூடுபனி விலகியிருக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, கடவுளே, முடியட்டும், முழுசாக முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சுருதி ஏறியது. க்ளக். ஒரு பெண் வந்து அம்மாவின் பெயரைத் தப்பும் தவறுமாக வாசித்து, இவரைப் பற்றித்தானே கேட்கிறீர்கள் என்றாள்.

பாட்டு பாதியில் நின்ற இடத்தில் வந்த பெயருக்கு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. வாய் மூடிக்கொண்டது. மீதியை முனகி முடித்தேன். அந்தப் பெண், "சார்? சார், உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். அடுத்த நாளே ஆரோக்கியம் கூப்பிட்டாள். அம்மாவின் இதயம் பலவீனமாக இருக்கிறது, விமானத்தில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அண்ணே, பாட்டு மேட்டர அம்மாகிட்ட சொல்லாத. நான் பாத்துக்கறேன். டான்ஸ் வர்றப்ப போன்ல சத்தத்த அமுக்கிடறேன். படம் மட்டும் பாக்கட்டும். நெட் சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"நீ ஏண்ணே பேஜாரு பண்ற? பாட்டாலயா ஆவப்போவுது" என்றாள் அவள். அவள் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை.

டிஜேயாக வரவிருந்த பையனைப் பார்த்து, பாட்டை வெட்டக்கூடாது, கடைசி ஒலிவரை ஓட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இங்கே கட்டைவிரலுக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. கேட்டுக்கொண்டேன் என்பது அதில் ஒன்று இல்லை.

7

ஷெரின் கோயிலில் வெள்ளை கவுனிலும், விருந்துக்கு ஸ்டெல்லாவின் கல்யாணப் பட்டிலும் இருந்தாள். ஆற்றங்கரையில் ஒரு ஹால். சாயங்காலமே மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து ஒட்டிக்கொண்டது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டைத் தாங்கியில் நிறுத்தி, ஹாலின் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். பாட்டி எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஷெரினின் ஏற்பாடு. திண்டிவனத்தில் அப்போது உச்சி வெயில். திரையில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், ஞாயிற்றுக்கிழமைப் புடவையில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் முறை வந்தது. ஹாலின் நடுவில் நின்று மகளின் கையைப் பிடித்தேன். பியானோ எடுப்பு வந்தது.

நான் மகளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாகத் திரையைத்தான் பார்த்தேன். அம்மா அசையவில்லை. ஆரோக்கியம் சத்தத்தை அமுக்கிவிட்டாள் போல என்று மூச்சு விட்டேன். பாட்டில் அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. லூர்து மாஸ்டர் சொன்னது சரிதான், உடம்பு குலுங்கவே இல்லை. மகளின் தலை என் மார்பில் வந்து பட்டது. எதையோ சுமந்துகொண்டு மெதுவாக, யாருக்கும் நோகாமல், எங்கேயோ கொண்டுபோகிறேன் என்று தோன்றியது.

அப்போது திரையில் அம்மா எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்து ஆரோக்கியத்தின் கை போனை நோக்கி வந்தது. அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சிலுவை போட்டாள்.

சரியாகச் சுருதி ஏறும் இடம். டிஜே பையன், பழக்க தோஷம், ஒலியை மெல்ல மெல்லக் குறைத்து அணைத்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ஹாலில் ஒரு அமைதி விழுந்தது. அதே அமைதி. விழுப்புரத்து ஹாலில் அன்று விழுந்ததுதான். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

ஒலிபெருக்கியிலிருந்து, ஹால் முழுவதும், அம்மாவின் குரல் கேட்டது:

"யாரு?"

புரியாதவர்கள் பாட்டி ஏதோ வாழ்த்துகிறாள் என்று சிரித்தார்கள். அம்மா இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினாள்.

"யாருப்பா? சொல்லுங்களேன்."

கேட்டால் பதில் வந்தே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் அது யாராகவும் ஆகிவிடும். என் கையில் மகள் இருந்தாள். சுவரோரம் ஸ்டெல்லா நின்றாள். திரையில் பலவீனமான இதயத்தோடு அம்மா. ஷெரின் அந்தக் கேள்வியை அடையாளம் கண்டுகொண்டாள். ஷெட்டில் நான் கேட்டதுதானே. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளை மார்போடு இறுக்கி, அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தாம்மா."

திரையில் அம்மா அசையாமல் நின்றாள். இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கி என்னையும், என்மேல் சாய்ந்திருந்த பெண்ணையும் பார்த்தாள். பிறகு, என் அப்பா சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"பொண்ணக் குடுக்கறவன் செத்தவன் மாதிரித்தாண்டா இருப்பான். உங்கப்பன் அன்னிக்கே சொல்லிச்சு, யாரும் கேக்கல. எடுத்தத முடிச்சிடு. ஸ்டெல்லா எங்க? அவளையும் கூப்புடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று உதட்டை மூடிக்கொண்டேன். நான் ஆரம்பிப்பதற்குள் என் மார்பிலிருந்து அது கிளம்பிவிட்டது. ஷெரின்தான். அவளுக்குத்தான் பின்பாதி மனப்பாடமாயிற்றே. ஸ்டெல்லா வந்து என் முதுகில் கை வைத்தாள். அவளும் சேர்ந்துகொண்டாள். வெளியே மூடுபனியில் எதுவும் இல்லை.

ஒலிபெருக்கியிலிருந்து நாலாவதாக ஒரு குரல் வந்தது. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்கு அடியில் நான் கேட்ட குரல். கடல்களைத் தாண்டி வருவதால் அது எங்களோடு சேரவில்லை. ஊர்வலத்தின் வாலில் நடப்பதுபோல, சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நாங்கள் முடித்துவிட்டோம். அம்மா இன்னும் முடிக்கவில்லை. அவள் வந்து சேரும்வரை நான் மகளின் கையை விடவில்லை.